ஆன்டெனா கனெக்டர் பழுதா? ரிக்கில் தொடங்கி மொட்டை மாடி வரை தேடிப் பிடிக்கும் முறை

ஐப்பசி அடைமழை நான்கு நாள் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, என் ஹாம் ரேடியோ ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவியை)ப் போட்டு 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் பார்த்தேன். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண் அது, 1க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. மழைக்கு முன்பு 1.6 காட்டிய மீட்டர் அன்றைக்கு 1.2 காட்டியது. ஆன்டெனா இன்னும் நன்றாகிவிட்டது என்று நம்பி, பக்கத்து ஊர் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தை)க் கூப்பிட்டேன். ரிப்பீட்டர் எழவே இல்லை. வழக்கமாகச் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரை முட்டவைக்கும் நிலையங்கள் இரைச்சலுக்குள் முனகலாகக் கேட்டன. ஆன்டெனாவை இறக்கினேன், துடைத்தேன், நீளத்தை அளந்தேன், திரும்ப ஏற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் ஆன்டெனாவுக்கு அடியில் இருந்த கனெக்டரைக் கழற்றியபோது அரை ஸ்பூன் தண்ணீர் வழிந்தது. கேபிளின் மேலுறையைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். நடுக்கம்பியைச் சுற்றி வரும், செம்பாக மின்ன வேண்டிய கம்பிப் பின்னல், அரை மீட்டர் தூரத்துக்குக் கரிபோலக் கறுத்துக் கிடந்தது.

அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எதையும் வெட்டுவதற்கு முன், எதையும் இறக்குவதற்கு முன், பழுது எந்த இணைப்பில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டர்), ஒரு எஸ்டபிள்யூஆர் மீட்டர், கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு டார்ச் லைட் போதும்.

டம்மி லோடு இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 1000 ஓம், 2 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 வாங்கி, எல்லாவற்றையும் பேரலலாக இணைத்தால் 50 ஓம், 40 வாட். இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே கால்களைக் குட்டையாக வெட்டிப் பொருத்துங்கள். வயர்வௌண்ட் ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம். அது சுருள் என்பதால் ரேடியோ அலைவரிசையில் ஓம் கணக்கே மாறிவிடும்.

மீட்டர் நல்லபடி காட்டினாலும் ஏன் நம்பக் கூடாது

பெரும்பாலான தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் ரிக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆன்டெனா மாடியில் இருக்கிறது. நடுவில் இருக்கும் கேபிள், போகும் சக்தியில் ஒரு பங்கைத் தின்கிறது, திரும்பி வருவதிலும் ஒரு பங்கைத் தின்கிறது. திரும்பி வந்து சேரும் மிச்சத்தைத்தான் மீட்டர் பார்க்கிறது.

ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 30 மீட்டர் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு ஏறக்குறைய 6 டெசிபல், அதாவது நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரிக்கிலிருந்து 20 வாட் கிளம்பினால் மேலே 5 வாட்தான் போய்ச் சேரும். இப்போது மேலே ஆன்டெனாவே இல்லை, கனெக்டர் கழன்று தொங்குகிறது. அந்த 5 வாட்டும் அப்படியே திரும்புகிறது. கீழே வருவதற்குள் அது 1.25 வாட்டாகிவிடும். 20 வாட் போய் 1.25 வாட் திரும்பினால் மீட்டர் காட்டும் எண் 1.7. ஆன்டெனா இல்லாமலேயே 1.7!

தண்ணீர் குடித்த கேபிளில் இழப்பு இன்னும் கூடும், எஸ்டபிள்யூஆர் இன்னும் இறங்கும். என் மீட்டர் அன்று 1.2 காட்டியதற்கு இதுதான் காரணம். ஆகவே ஒரு வேலையும் செய்யாமல் எஸ்டபிள்யூஆர் திடீரென்று நன்றாகிவிட்டால், அதையும் பழுதின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் ரிசீவரைப் பத்து நிமிடம் கேளுங்கள். பழுது எந்த வகை என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

ரிக்கின் பின்னால் கேபிளை லேசாக அசைக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால், எங்கோ தொடுப்பு விட்டு விட்டுச் சேர்கிறது. பலமான உள்ளூர் நிலையங்கள் கேட்கின்றன, தொலைதூர நிலையங்கள் அடியோடு காணாமல் போய்விட்டன என்றால், நடுக்கம்பி அறுந்திருக்கலாம். அறுந்த முனைகளுக்கு நடுவே இருக்கும் சிறு இடைவெளியைத் தாண்டி வலுவான சிக்னல் மட்டும் உள்ளே கசிகிறது. கனெக்டரின் உலோக உடம்பைத் தொட்டவுடன் இரைச்சலோ சிக்னலோ மாறினால், வெளிப் பின்னல் விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

5 வாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, 100 வாட்டுக்கு ஏற்றினால் மீட்டர் முள் துள்ளுகிறது என்றால், எங்கோ ஒரு தொடுப்பில் களிம்பு ஏறியிருக்கிறது, அல்லது இன்சுலேஷன் கருகி உள்ளே பொறி பாய்கிறது. 50 ஓம் லைனில் 100 வாட் என்றால் 1.4 ஆம்பியர் ஓடும். களிம்பேறிய தொடுப்பில் 1 ஓம் இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் 2 வாட் வெப்பம் உண்டாகும். மல்டிமீட்டர் அனுப்பும் மில்லிஆம்பியர் கணக்கான மின்னோட்டத்தில் இது பல நேரம் தெரியவே தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் டிரான்ஸ்மிட் செய்துவிட்டு, டிரான்ஸ்மிட்டை நிறுத்திய பிறகு ஒவ்வொரு கனெக்டராகத் தொட்டுப் பாருங்கள். எது வெதுவெதுப்பாக இருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

மழை பெய்தால் மந்தம், இரண்டு நாள் வெயில் அடித்தால் சரியாகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், தண்ணீர்.

பாதுகாப்பு பற்றி நான்கு வரி. வானம் இருட்டியிருந்தால் மாடி வேலையைத் தள்ளிப்போடுங்கள். டிரான்ஸ்மிட் ஆகும்போது எந்தக் கனெக்டரையும் கழற்றாதீர்கள், கைக்கும் சூடு, ரிக்கில் கடைசியாகச் சக்தியைப் பெருக்கி அனுப்பும் பைனல் டிரான்சிஸ்டருக்கும் ஆபத்து. மாடியில் இருப்பவரும் ரிக் முன்னால் இருப்பவரும் கைப்பேசியிலோ கையடக்க ரேடியோவிலோ பேசிக்கொண்டே வேலை செய்யுங்கள். தெரு மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் போகிற மாடியில் நீளமான கம்பத்தைத் தனியாளாகத் தூக்காதீர்கள்.

படி 1: டம்மி லோடை எடுத்துக்கொண்டு நடங்கள்

ரிக்கின் சாக்கெட்டில் நேரடியாக டம்மி லோடை மாட்டுங்கள். நடுவில் பேட்ச் கேபிள் (குட்டை இணைப்புக் கேபிள்), அடாப்டர் எதுவும் வேண்டாம். ரிக்கிலேயே எஸ்டபிள்யூஆர் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் நன்றாக இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு குட்டைக் கேபிளோடு மீட்டரைச் சேருங்கள். சக்தியை 5 வாட்டுக்குக் குறைத்து, அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டு, சில விநாடி டிரான்ஸ்மிட் செய்யுங்கள். 1.1க்குள் அசையாமல் நிற்க வேண்டும். அப்படியே பிளக்கை லேசாகப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். முள் ஆடினால் ரிக்கின் சாக்கெட்டில்தான் கோளாறு. ஆடவில்லை என்றால் ரிக்குக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்த இணைப்புக்கு நகருங்கள்.

இப்போது பேட்ச் கேபிளைச் சேர்த்து அதன் முனையில் டம்மி லோடு. அப்புறம் மீட்டர், டியூனர், ஸ்விட்ச் என்று நடுவில் என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் கடைசி முனையில் டம்மி லோடு. எதைச் சேர்த்தபோது கெட்டதோ, பழுது அதில். ரிக்குக்கும் மீட்டருக்கும் நடுவே கிடக்கும் அந்த ஒரு அடி பேட்ச் கேபிளை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. நான் பார்த்தவரை, மாதாமாதம் கழற்றி மாட்டப்படுவது அதுதான், முதலில் களைத்துப் போவதும் அதுதான்.

கடைசியாக டம்மி லோடோடு மாடிக்கு ஏறி, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டுங்கள். முடிந்தால் பவர் மீட்டரையும் கூடவே கொண்டுபோங்கள். கீழே மருமகனை உட்காரவைத்து, "மாமா, இப்போ அழுத்தவா?" என்று கேட்டு அழுத்தச் சொல்லி, மேலே எத்தனை வாட் வருகிறது என்று நான் பார்த்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. கீழே 20 வாட். 30 மீட்டர் ஆர்ஜி-58க்கு மேலே 5 வாட் வரவேண்டிய இடத்தில் 1 வாட்கூட வரவில்லை. எஸ்டபிள்யூஆர் எவ்வளவு அழகாக இருந்தாலும், மேலே வந்து சேரும் வாட் கணக்கு கேபிளின் உண்மை நிலையைக் காட்டிவிடும்.

மேலே டம்மி லோடு வைத்து எஸ்டபிள்யூஆரும் சரி, வாட்டும் சரி என்றால் கேபிளும் அதன் இரு முனைக் கனெக்டர்களும் நல்லவை. பிரச்சினை ஆன்டெனாவில், அல்லது ஆன்டெனாவின் சாக்கெட்டில்.

படி 2: மல்டிமீட்டர்

கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். ஒரு முனையில் நடு ஊசிக்கும் வெளி உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். மறுமுனை திறந்திருப்பதால் எதுவும் காட்டக் கூடாது. மீட்டரை 20 மெகா ஓம் ரேஞ்சில் வையுங்கள். அங்கே ஏதாவது எண் வந்தால் உள்ளே ஈரம் அல்லது களிம்பு இருக்கிறது. இந்த அளவின்போது இரண்டு ப்ரோப் முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பின் ஓம்தான் வரும்.

அடுத்து மறுமுனையில் முதலைக் கிளிப்பால் ஊசியையும் உடம்பையும் சேர்த்து ஷார்ட் செய்துவிட்டு மறுபடி அளங்கள். 20 மீட்டர் ஆர்ஜி-58க்குச் சுமார் 1 ஓம் வரும், அதே நீளம், தடித்த ஆர்ஜி-213க்கு 0.2 ஓம். ப்ரோப்களை ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை இதிலிருந்து கழித்துவிடுங்கள். 3, 4 ஓம் என்று வந்தாலோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தாலோ, ஏதோ ஒரு முனையில் சால்டர் சரியில்லை. மீட்டரைப் பார்த்தபடியே கனெக்டருக்கு அருகில் கேபிளை மெல்ல வளைத்துப் பாருங்கள். பீப் சத்தத்தை நம்ப வேண்டாம், பல மீட்டர்களில் அது தாமதமாக வரும், 30 ஓமுக்கும் பீப் அடிக்கும். எண்ணைப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆன்டெனாவை இப்படி அளந்துவிட்டு "ஷார்ட் ஆகியிருக்கிறது" என்று பலர் பதறுகிறார்கள். ஜே-போல், ஃபோல்டட் டைபோல், காமா மேட்ச் இல்லாமல் ஹேர்பின் போட்ட யாகி, சில வகை பேலன் வைத்த டைபோல், இந்த ஆன்டெனா வகைகளெல்லாம் மல்டிமீட்டருக்கு ஷார்ட்டாகத்தான் தெரியும். அவற்றின் வடிவமைப்பே அப்படி. ரிக்கின் சாக்கெட்டும் அப்படித்தான், நிலைமின்னேற்றம் வடிவதற்காக உள்ளே ஒரு சோக் காயிலோ ரெசிஸ்டரோ கிரவுண்டுக்குப் போட்டிருப்பார்கள். நன்றாக இருந்த காலத்தில் என்ன காட்டியது என்று தெரியாமல் இவற்றின் ஓம் கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

படி 3: கெப்பாசிட்டன்ஸ், எனக்குப் பிடித்த சோதனை

இரண்டு முனைக் கனெக்டரில் எது அறுந்தது என்று வெட்டாமல் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியும் சுற்றிலும் பின்னலும் கொண்ட இந்தக் கேபிள்) என்பது ஒரு நீண்ட கெப்பாசிட்டர். ஆர்ஜி-58, ஆர்ஜி-213 இரண்டுக்குமே மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். மறுமுனையைத் திறந்து வைத்துவிட்டு, ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் அளங்கள். 20 மீட்டர் கேபிள் என்றால் 2000 பிகோஃபாரட், அதாவது 2 நானோஃபாரட் காட்டும். வெறும் ப்ரோப் காட்டும் சிறு எண்ணை முதலில் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள்.

இப்போது இரண்டு முனையிலிருந்தும் தனித்தனியாக அளங்கள். கீழ் முனையிலிருந்து 2 நானோஃபாரட், மேல் முனையிலிருந்து கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றால், மேல் கனெக்டருக்குள்ளேயே கம்பியோ பின்னலோ அறுந்திருக்கிறது. கீழிருந்து 1.4, மேலிருந்து 0.6 என்றால் அறுந்த இடம் கீழிருந்து 14 மீட்டரில், அதாவது கனெக்டரில் பழுது இல்லை. சுவரில் ஆணி அடித்த இடமோ, அணில் கடித்த இடமோ அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் 2 காட்டினால் எங்கும் அறுபடவில்லை. இரண்டு பக்கமும் 2.3, 2.4 என்று ஏறிப்போயிருந்தால் தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நுரை இன்சுலேஷன் போட்ட குறைந்த இழப்புக் கேபிள்களுக்கு இந்த எண் குறையும், மீட்டருக்கு 80 பிகோஃபாரட் அளவில் வரும். உங்கள் கேபிளின் மிச்சத் துண்டு ஒன்றை அளந்து வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது.

படி 4: நானோவிஎன்ஏ வைத்திருப்பவர்களுக்கு

நானோவிஎன்ஏ என்பது ஆன்டெனாவையும் கேபிளையும் பல அலைவரிசைகளில் அளந்து திரையில் காட்டும் சின்னக் கருவி. ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று முனைகளையும் வைத்துக் கேலிபரேட் செய்யுங்கள். கேபிளின் மறுமுனையைத் திறந்துவிட்டு, தாழ்ந்த அலைவரிசையிலிருந்து மேலே போகும்போது ஸ்மித் சார்ட் என்ற வட்டப் படத்தில் புள்ளி முதன்முதலாக இடது ஓரத்தைத் தொடும் அலைவரிசையைக் குறியுங்கள். அங்கே கேபிள் கால் அலைநீளம். சாதாரண பாலிஎத்திலீன் கேபிளின் வேகக் காரணி 0.66. 75ஐ 0.66ஆல் பெருக்கி, மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும். 3.3 மெகாஹெர்ட்ஸில் தொட்டால் 15 மீட்டர். உங்கள் கேபிள் 20 மீட்டர் என்றால் 15ஆவது மீட்டரில் அறுந்திருக்கிறது. டிடிஆர் முறையில் (கேபிளில் எங்கிருந்து எதிரொலி வருகிறது என்று தூரத்தை வைத்துக் காட்டும் முறையில்) பார்த்தால் இதே விவரம் மேடுபள்ளமாகத் தெரியும். கேபிள் முனையில் போடும் திருகு பிளக்கான பிஎல்-259 நல்லதாக இருந்தாலும்கூடச் சிறு மேடு காட்டத்தான் செய்யும், அதைப் பார்த்துக் கனெக்டரை வெட்டிவிடாதீர்கள்.

வெயிலிலும் காற்றிலும் நின்ற ஆன்டெனாவில் நிலைமின்னேற்றம் இருக்கும். நானோவிஎன்ஏவை மாட்டுவதற்கு முன் கேபிளின் ஊசியையும் உடம்பையும் ஒரு முறை ஷார்ட் செய்துவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு ரிக் டிரான்ஸ்மிட் ஆகும்போது அதை ஆன்டெனாவோடு இணைத்து வைக்காதீர்கள்.

படி 5: கனெக்டரைக் கண்ணால் பாருங்கள்

இடம் தெரிந்துவிட்டது. இனி டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

பிஎல்-259 பிளக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கையால் கேபிளையும் மறு கையால் பிளக்கின் உடம்பையும் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். உடம்பு கேபிளின் மேல் தனியாகச் சுற்றினால் பின்னலின் சால்டர் போய்விட்டது. ஊசியின் நுனியில் சால்டர் நிறைந்து, பளபளப்பாக இருக்க வேண்டும். நுனியில் ஓட்டை தெரிந்து, உள்ளே கம்பி தளர்ந்து கிடந்தால் அதுவே பழுது. பிளக்கின் விளிம்பில் சின்னப் பற்கள் இருக்கும், அவை சாக்கெட்டின் விளிம்பில் இருக்கும் வெட்டுகளில் உட்கார வேண்டும். வெளி வளையத்தைத் திருகுவது அந்தப் பற்களை அழுத்திப் பிடிப்பதற்குத்தான். பற்கள் உட்காராமல் வளையத்தை இறுக்கினால், அப்போது இறுகியதுபோல் தெரியும், நாளடைவில் கேபிளின் எடையில் தானே தளர்ந்து பின்னலின் தொடுப்பு விட்டுப்போகும். இறுக்கும்போது பிளக்கை லேசாக இடமும் வலமும் ஆட்டி, பல் விழுந்ததைக் கையில் உணர்ந்த பிறகு முழுதாகத் திருகுங்கள்.

இந்த பிளக் போய் உட்காரும் எஸ்ஓ-239 சாக்கெட்டின் நடுவில், பூவிதழ்போல நான்காகப் பிளந்த ஒரு குழல் இருக்கும். அந்த இதழ்கள்தான் ஊசியைக் கவ்வ வேண்டும். பருமனான சால்டர் வழிந்த ஊசியை ஒருமுறை திணித்தாலே அவை விரிந்துவிடும். அப்புறம் எந்த நல்ல பிளக்கை மாட்டினாலும் தொடுப்பு ஆடும். ரிக்கை ஆஃப் செய்து, மெல்லிய ஊசி மூக்கு இடுக்கியால் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் ஒரு மயிரிழை அழுத்துங்கள். ஒன்று உடைந்திருந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான். பச்சைக் களிம்பு இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மறுபடி களிம்பேறும்.

வெளியே எல்லாம் நன்றாக இருந்தும் படி 1இல் முள் ஆடியது என்றால், சாக்கெட்டின் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒற்றை நட்டில் நிற்கும் சாக்கெட்டுகளில் பிளக்கை பிளையர் வைத்து முறுக்கினால் சாக்கெட்டே சேர்ந்து சுற்றி, உள்ளே கம்பியை முறித்துவிடும். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். வால்வு வைத்த ரிக்கோ லீனியரோ (சக்தி பெருக்கியோ) என்றால் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும், அனுபவம் இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. சால்டர் புள்ளியைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது விரிசல். லென்ஸ் வைத்துப் பாருங்கள், வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழைய கம்பி எவ்வளவு குட்டையோ அதே குட்டையாகத்தான் புதியதும் இருக்க வேண்டும். நான்கு திருகுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் கிரவுண்டு தொடுப்பு ஆடும், அதையும் இறுக்கிவிடுங்கள்.

கையடக்க ரேடியோக்களின் எஸ்எம்ஏ கனெக்டர் தனிக் கதை. அதில் தடித்த கேபிளை நேரடியாக மாட்டித் தொங்கவிட்டால், எடை முழுதும் உள்ளே போர்டில் இருக்கும் சின்னச் சால்டர் புள்ளியில் இறங்கும். ஒரு அடி நீள மெல்லிய கேபிளை நடுவில் போட்டு, தடித்த கேபிளை மேசையில் கட்டிவையுங்கள். வைஃபை கருவிகளில் வரும் தலைகீழ் எஸ்எம்ஏ பார்ப்பதற்கு இதேபோல் இருக்கும், திருகினால் பொருந்தும், ஆனால் நடுவில் ஊசிக்கு ஊசி முட்டும், அல்லது ஊசியே இருக்காது. புது அடாப்டர் வாங்கி "ஒன்றுமே கேட்கவில்லை" என்பவர்கள் முதலில் நடுத்துளையைப் பாருங்கள்.

படி 6: புது பிளக் போடுவது

பழைய பிளக்கில் இருக்கும் கேபிள் முனையை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பின்னல் செம்பு நிறத்தில் மின்னும் இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்தக் கேபிளை வழியனுப்பிவிடுங்கள், அதை உலர்த்திக் காப்பாற்ற முடியாது.

பிளக் வாங்கும்போது சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, வேறு எங்கானாலும் சரி, மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி வீட்டில் சூடு வைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை டெஃப்லான் என்றால் சூட்டைத் தாங்கும். மலிவான பிளாஸ்டிக் என்றால் ஊசி சாய்ந்துவிடும். வெள்ளிப் பூச்சில் சால்டர் ஈயம் தண்ணீர்போல் ஓடும். கண்ணாடிபோல் மின்னும் நிக்கல் பூச்சில் உருண்டு விழும், அந்த வகைதான் கையில் இருக்கிறது என்றால் சால்டர் துளைகளைச் சுற்றி அரத்தால் தேய்த்துப் பித்தளையை வெளியே கொண்டுவாருங்கள்.

ஆர்ஜி-213க்கு: வெளி வளையத்தை முதலில் கேபிளில் கோர்த்துவிடுங்கள், சரியான பக்கம் பார்த்து. மேலுறையை முனையிலிருந்து 28 மி.மீ. உரியுங்கள், பின்னலில் ஓர் இழைகூட அறுபடக் கூடாது. முனையிலிருந்து 16 மி.மீ. வரை பின்னலையும் இன்சுலேஷனையும் எடுத்து நடுக்கம்பியை வெளியே விடுங்கள். பின்னலை இன்னும் ஒன்றரை மி.மீ. பின்னுக்கு வெட்டி, மெல்லியதாக ஈயம் பூசுங்கள். ஊசிக்குப் பக்கத்தில் பின்னலின் ஓர் இழை நீண்டிருந்தாலும் ஷார்ட் ஆகிவிடும், டார்ச் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பிளக்கின் உடம்பைக் கேபிளின் மேலுறை மீது திருகி ஏற்றுங்கள். உடம்பில் இருக்கும் நான்கு துளைகளின் வழியே பின்னல் தெரிய வேண்டும்.

இப்போது சால்டர். 25 வாட் அயர்ன் இந்த உடம்பைச் சூடாக்காது. நீங்கள் வைத்துக்கொண்டே இருப்பீர்கள், உள்ளே இன்சுலேஷன் உருகும், ஈயம் மட்டும் ஒட்டாது. 80 வாட்டிலிருந்து 100 வாட் வரை, தட்டை முனை கொண்ட அயர்ன் வேண்டும். சூடு நிறைய, நேரம் குறைய. 60/40 ரோசின் ஈயத்தைத் துளையில் வையுங்கள். ஈயம் துளைக்குள் சட்டென்று இழுக்கப்பட்டு, பின்னலின் இழைகளுக்கு நடுவே பரவுவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணம் அயர்னை எடுத்துவிடுங்கள். நான்கு துளையும் முடிந்ததும் ஊதாதீர்கள், ஈரத் துணி போடாதீர்கள், அசைக்காமல் தானாக ஆறவிடுங்கள். கடைசியில் ஊசி. வழிந்த ஈயத்தை அரத்தால் தேய்த்து ஊசியைப் பழைய பருமனுக்குக் கொண்டுவாருங்கள், சாக்கெட்டின் இதழ்கள் விரியாமல் இருக்க.

ஆர்ஜி-58 மெல்லியது, அதற்கு யுஜி-175 என்ற ரெடியூசர் வேண்டும். பின்னலை அதன் மேல் மடித்துப் படரவிட்டுத் திருகினால் அதே நான்கு துளைகளில் பின்னல் தெரியும். டிடிஎச் கேபிளில் பிஎல்-259 சால்டர் வைக்க முயலாதீர்கள், அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது.

கனெக்டர் வகையையே மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: பிஎல்-259 1930களில் ஆம்ஃபெனால் நிறுவனத்தின் குவாக்கன்புஷ் வடிவமைத்தது. அன்றைக்கு 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாமே யுஎச்எஃப் என்று அழைக்கப்பட்டதால் அதற்கு யுஎச்எஃப் கனெக்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எச்எஃப் பட்டைகளுக்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) அது தாராளம், 145க்கும் பரவாயில்லை. 430 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கும், கடற்கரை ஊர்களில் திறந்த வெளியில் நிற்கும் எந்த ஆன்டெனாவுக்கும் நான் என்-டைப் என்ற கனெக்டரைத்தான் சொல்வேன். அது 50 ஓம் கணக்குக்குச் செய்யப்பட்டது, உள்ளே ரப்பர் வளையமும் உண்டு. பிஎல்-259இல் தண்ணீரைத் தடுக்க எதுவுமே இல்லை.

படி 7: தண்ணீரைத் தடுப்பது

கனெக்டரை இறுக்கி, மறுபடி அளந்து, எல்லாம் சரி என்று பார்த்த பிறகே டேப் சுற்றுங்கள். முதலில் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். அதை இரண்டு மடங்காகும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. கீழிருந்து தொடங்கி மேலே போங்கள், அப்போதுதான் ஓட்டுக் கூரைபோல மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் படிந்து தண்ணீரை வெளியே தள்ளும். அதன் மேல் நல்ல பிவிசி டேப் இரண்டு சுற்று, வெயிலிலிருந்து ரப்பரைக் காக்க. வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் பசையைக் கனெக்டரில் பூசாதீர்கள், காயும்போது அது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும்.

கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு அப்புறம் கம்பத்தில் கட்டுங்கள். கேபிள் வழியே வழியும் மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கோ வீட்டுக்குள்ளோ வராது. கேபிளின் எடையும் கம்பத்தில் இறங்கும், கனெக்டரில் இறங்காது.

எல்லாம் முடிந்ததும் கீழே வந்து லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். தேதி, கேபிள் நீளம், கெப்பாசிட்டன்ஸ், ஷார்ட் செய்தபோது வந்த ஓம், ஒவ்வொரு பட்டையிலும் எஸ்டபிள்யூஆர், 145இல் மேலே வந்து சேர்ந்த வாட், ஆன்டெனா சாக்கெட் மல்டிமீட்டரில் ஓபனா ஷார்ட்டா, இத்தனையையும் எழுதுங்கள். என் புத்தகத்தில் கடைசியாக இருக்கும் வரி: 24 மீட்டர், 2.42 நானோஃபாரட், 1.2 ஓம். ஒவ்வொரு புரட்டாசி கடைசியிலும் அதன் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.